பைப் பற்ற வைக்க லைட்டரா, தீக்குச்சியா?

வாசகர் கேள்வி

பைப் பிடிக்க ஆரம்பித்து மூன்று மாதம் ஆகிறது. லைட்டரில் பற்ற வைத்தால் புகையிலையில் வாயு வாசம் ஏறிவிடும், தீக்குச்சிதான் சுத்தமான நெருப்பு என்று பார்க்கிறவர்கள் எல்லாம் சொல்கிறார்கள். எனக்கோ ஒரு பைப் முடிவதற்குள் பத்துப் பன்னிரண்டு குச்சி தீர்ந்துவிடுகிறது. விரலும் சுடுகிறது. உண்மையிலேயே வித்தியாசம் உண்டா, அல்லது வெறும் பழக்கமா?

ஜூன் 4

தீக்குச்சி. இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. பதினாறு வருடமாகப் பைப் பிடிக்கிறேன், பெரும்பாலும் தீப்பெட்டிதான். மரம் எரிகிற சுடர் மெத்தென்று இருக்கும். பைப்பில் புகையிலை போடும் குழியைக் கிண்ணம் என்போம். குச்சியைக் கிண்ணத்துக்கு மேலே பிடித்து லேசாக இழுத்தால் சுடர் தலையைக் குனிந்து புகையிலைக்குள் இறங்கும். இழுப்பதை நிறுத்தினால் நிமிர்ந்துகொள்ளும். நாலைந்து முறை அப்படிக் குனிந்து நிமிர்வதற்குள் மேல்பரப்பு முழுக்கச் சிவந்துவிடும். லைட்டரில் இது வராது.

விரல் சுடுவது குச்சியைப் பிடிக்கும் விதத்தால். தலை கீழே சாய்ந்திருந்தால் தீ குச்சியில் மளமளவென்று ஏறி வரும். தலை மேலே இருந்தால் சுருங்கி அணையப் பார்க்கும். படுக்கை வசமாகப் பிடித்தால் நிதானமாக எரியும். கிண்ணத்துக்குள் தீயைக் குத்தி இறக்க நினைக்கும்போதுதான் தலை கீழே போகிறது, விரல் சுடுகிறது. குச்சி கிண்ணத்துக்கு மேலேயே படுத்திருக்கட்டும். தீயை இறக்குவது உங்கள் இழுப்பு.

ஜூன் 5

நேற்று எழுதியதில் ஒன்றை விட்டுவிட்டேன், அதுவும் முக்கியமான ஒன்றை. தீக்குச்சி சுத்தமான நெருப்பு என்பது முதல் இரண்டு விநாடிக்குப் பொருந்தாது.

குச்சியின் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட், கந்தகம், கண்ணாடித் தூள், எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிக்கப் பசை. பெட்டியின் பக்கவாட்டில் தடவியிருப்பது சிவப்புப் பாஸ்பரஸ். உரசியதும் சீறி எழுகிற அந்த வெளிச்சத்தில் கந்தகம் எரிகிறது. மூக்கில் சுருக்கென்று ஏறும் காரம் அதுதான். அந்த நேரத்தில் குச்சியைக் கிண்ணத்தருகே கொண்டுபோய் இழுத்தால் அந்தக் காரம் நேராகப் புகையிலையில் போய் உட்காரும். கிண்ணத்தில் பாதி தீரும்வரைகூட நாக்கை விட்டுப் போகாது.

அதனால் உரசுங்கள், கையைத் தள்ளிப் பிடியுங்கள், ஒன்று, இரண்டு என்று எண்ணுங்கள். சீறல் அடங்கும், சுடர் மஞ்சளாகும், கறுத்த தலையைத் தாண்டித் தீ மரத்துக்கு வரும். அதற்குப் பிறகுதான் பைப் பக்கம் போக வேண்டும்.

சில குச்சிகளில் தலை உடைந்து உள்ளே விழுந்துவிடும். விழுந்தால் சுற்றியிருக்கும் புகையிலையோடு சேர்த்துக் கிள்ளி வெளியே போட்டுவிடுங்கள். எரிந்துபோன தலைதானே என்று விட்டு, ஒரு மாலைப்பொழுதையே கெடுத்துக்கொண்டிருக்கிறேன்.

ஜூன் 5, இரவு

பன்னிரண்டு குச்சி என்று கேட்டிருந்தீர்களே, அதற்குப் பதில் சொல்லவே இல்லை.

ஒரே தடவையில் பற்ற வைக்கப் பார்க்கிறீர்கள் என்று நினைக்கிறேன். பைப்பை இரண்டு முறை பற்ற வைக்க வேண்டும். முதல் முறை சுடரை வட்டமாகச் சுற்றி மேல்பரப்பை மட்டும் கருக்குவதற்கு. சூடு பட்டதும் இலைகள் சுருண்டு எழுந்து, கிண்ணத்தின் விளிம்பைத் தாண்டி உப்பி நிற்கும். அதை அப்படியே அணைய விடுங்கள். அழுத்துகோலால் மெல்லத் தட்டிச் சமமாக்குங்கள். கை எடையே போதும், அமுக்க வேண்டாம். இப்போது மேலே கரியான ஒரு மெத்தை இருக்கிறது. இரண்டாவது குச்சியை வைத்தால் அந்தக் கரி சட்டென்று கனலைப் பிடித்துக்கொண்டு கீழே இருக்கும் இலைக்குக் கொடுக்கும்.

முதல் தீயோடு விடாமல் இழுத்துக்கொண்டே போனால் உப்பிய இலைகள் மட்டும் எரிந்து சாம்பலாகும். கீழே தீ இறங்காது. அணையும், மறுபடி குச்சி, மறுபடி அணையும்.

ஜூன் 9

ஒரு தம்பி ஜெட் லைட்டரைப் பற்றிக் கேட்டிருக்கிறார். காற்றில் அணையாது, ஒரு விநாடியில் பற்றிக்கொள்ளும், ஏன் யாரும் சொல்வதில்லை என்று. தம்பி, தயவுசெய்து அதைப் பைப் பக்கம் கொண்டுபோக வேண்டாம். மற்ற விஷயங்களில் எப்படியோ, இதில் நான் அடித்துச் சொல்வேன்.

பிரையர் என்று நாம் சொல்வது எரிகா ஆர்போரியா என்ற மத்தியதரைக் கடல் பகுதிப் புதர்மரத்தின் வேர்முண்டு. தண்டும் வேரும் சேருமிடத்தில் திரண்டிருக்கும் கட்டி அது. இறுகிய மரம், சூடு தாங்கும், எளிதில் எரியாது. அதனால்தான் பைப்புக்கு அதை எடுத்தார்கள். ஆனால் என்ன இருந்தாலும் மரம்தானே.

மூன்று வருடத்துக்கு முன் பரிசாக ஒரு ஜெட் லைட்டர் வந்தது. மாடியில் காற்று வீசும்போது அதை எடுப்பேன். நீல ஊசி மாதிரித் தீ, நினைத்த இடத்தில் பற்றும், ஆசையாக இருந்தது. வெளிச்சத்தில் அந்த நீலம் கண்ணுக்கே சரியாகத் தெரியாது. நுனி எங்கே முடிகிறது என்று ஊகித்துத்தான் பிடித்தேன். இரண்டு வாரம் இருக்கும், ஒருநாள் பைப்பைத் துடைக்கும்போது முன்விளிம்பில் விரல் வழுக்கிக்கொண்டு போகாமல் ஓரிடத்தில் சொரசொரவென்று தட்டியது. பார்த்தால் அரை நகம் அகலத்துக்குக் கறுப்பு. நகத்தால் சுரண்டினேன், மரம் கரித்தூளாக உதிர்ந்தது. அந்த இடத்தில் விளிம்பு இப்போது ஒரு பக்கம் சரிந்து பள்ளமாக இருக்கிறது. போன மரம் போனதுதான். வேண்டுமானால் விளிம்பு முழுவதையும் இழைத்துத் தணிக்கலாம், பழைய வடிவம் வராது.

என்னிடம் இன்னொரு பைப் இருக்கிறது. மாமா விட்டுச்சென்றது. நாற்பது வருடம் அவர் கையில் இருந்தது. தீக்குச்சியைத் தவிர அவர் வேறு எதையும் தொட்டதில்லை. அதன் விளிம்பிலும் ஒரு பக்கம் நன்றாகக் கறுத்திருக்கிறது. ஆக, குச்சியும் விளிம்பைச் சுடத்தான் செய்யும். ஆனால் நாற்பது வருடத்தில் குச்சி செய்ததை ஜெட் இரண்டு வாரத்தில் செய்தது.

ஜூன் 10

ஜெட்டில் சூடு அதிகம், அதனால்தான் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். சூடு மட்டும் காரணமில்லை. மரம் கருக 300 டிகிரி செல்சியஸ் போதும். குச்சிச் சுடரும் மெழுகுவத்திச் சுடரும்கூட அதைவிடப் பல மடங்கு சூடானவை.

வித்தியாசம் தீ நடந்துகொள்ளும் விதத்தில். மஞ்சள் சுடர் சுற்றியிருக்கும் காற்றை மெல்ல எடுத்துக்கொண்டு எரிகிறது. அந்த மஞ்சள், உள்ளே கனன்று மிதக்கும் கரித்துகள்களின் நிறம். அதற்கு வேகம் கிடையாது. இழுத்தால் வரும், விட்டால் போகும். விளிம்பை உரசினாலும் அங்கேயே நிற்காது. ஜெட்டில் காற்றும் வாயுவும் முன்பே கலந்து, சின்னத் துவாரம் வழியே சீறிக்கொண்டு வருகின்றன. அது உங்கள் இழுப்பைக் கேட்காது, காட்டிய இடத்தில் அடிக்கும், விளிம்பில் பட்டால் விளிம்பையே தாக்கிக்கொண்டு நிற்கும்.

சுருட்டுக்காரர்களுக்கு ஜெட் சரிப்படும். சுருட்டின் நுனி எப்படியும் எரியப்போவதுதான். பைப்பின் விளிம்பு எரியக் கூடாதது.

ஜூன் 17

ஒரு வாரம் வேலை மெனக்கெட்டு ஒன்று செய்து பார்த்தேன்.

ஜூன் 4 அன்று தீக்குச்சிதான் என்று ஒரே போடாகப் போட்டேனே, அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. நாக்குக்கு நிஜமாகவே தெரிகிறதா, கண்ணுக்குத் தெரிவதால் நாக்கு சொல்கிறதா? என் மனைவியிடம் உதவி கேட்டேன். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்காருவேன், பைப் வாயில். அவள் குச்சியையும் உரசுவாள், பியூட்டேன் வாயு நிரப்பிய லைட்டரையும் தட்டுவாள், பெட்ரோல் லைட்டரையும் தட்டுவாள். மூன்று சத்தமும் கேட்கும். குச்சியின் கந்தகம் அடங்கும்வரை காத்திருந்து, மூன்றில் ஏதாவது ஒன்றை மட்டும் பைப்பில் காட்டுவாள். அறையில் எல்லா வாசமும் கலந்திருக்கும், ஆக வாயை வைத்து மட்டுமே சொல்ல வேண்டும். ஒரே புகையிலை, மக்காச்சோளக் கதிரின் நடுத்தண்டில் செய்த பைப்புகள், ஒரு நாளைக்கு இரண்டு முறை.

பதினான்கு முறை. பெட்ரோல் லைட்டரை ஐந்து முறை காட்டினாள், ஐந்தையும் கண்டுபிடித்தேன். முதல் நாலைந்து இழுப்பில் ஒரு எண்ணெய்ப் பிசுக்கு வாசம், பிறகு மறைந்துவிடும். மிச்சம் ஒன்பதில் குச்சியா பியூட்டேனா என்று நான் சொன்னதில் நாலு சரி, ஐந்து தப்பு. கண்ணை மூடிக்கொண்டு காசைச் சுண்டிப் போட்டிருந்தாலும் அவ்வளவுதான் வந்திருக்கும்.

ஜூன் 18

ஆகவே முதல் பதிவைத் திருத்துகிறேன். பியூட்டேன் லைட்டரால் சுவை கெடுகிறது என்பதை இனி நான் சொல்ல மாட்டேன். சரியாக எரிந்த பியூட்டேன் கரியமில வாயுவும் நீராவியும்தான். அதற்கென்று வாசமும் இல்லை. சமையல் வாயுவில் வரும் நாற்றம், கசிவு தெரியட்டும் என்று சேர்க்கும் பொருளின் நாற்றம். லைட்டருக்கு என்று சுத்திகரித்து விற்கும் வாயுவில் அது தொந்தரவு செய்வதில்லை.

பெட்ரோல் லைட்டரைப் பொறுத்தவரை பழைய கருத்துதான். திரியில் ஊறிய எண்ணெய் முழுவதும் எரிவதில்லை, கொஞ்சம் ஆவியாக அப்படியே வருகிறது. ஜிப்போ என்ற பெட்ரோல் லைட்டரின் பிரியர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம். தட்டியவுடன் பைப்புக்குக் கொண்டுபோகாமல் மூன்று நாலு விநாடி தனியாக எரியவிட்டால் வாசம் பாதியாகக் குறைகிறது. இதுவும் அந்த வாரத்தில் கவனித்ததுதான்.

ஜூன் 18, பிறகு

அப்படியென்றால் நீங்கள் ஏன் இன்னும் குச்சி உரசுகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள். நியாயமான கேள்வி. பதில் யோசித்துச் சொல்கிறேன்.

ஜூலை 2

நாள் தள்ளிப்போய்விட்டது. இடையில் தீப்பெட்டியின் பழைய கதைகளைப் படித்துக்கொண்டிருந்தேன், கொஞ்சம் சொல்லியே ஆக வேண்டும்.

தீக்குச்சி பழசு, லைட்டர் புதுசு என்றுதான் நானும் நினைத்திருந்தேன். நேர்மாறு. ஜெர்மனியின் வேதியியலாளர் டோபரைனர் 1823-இல் ஒரு விளக்கு செய்தார். துத்தநாகமும் அமிலமும் சேர்ந்து ஹைட்ரஜன் வரும், அந்த வாயு பிளாட்டினத்தின் மேல் பட்டதும் தானே பற்றிக்கொள்ளும். மேசை மேல் வைக்கிற கண்ணாடிக் குடுவைதான், பையில் போட முடியாது. ஆனால் லைட்டர் லைட்டர்தானே. உரசினால் எரியும் குச்சியை இங்கிலாந்தின் ஸ்டாக்டன் ஊர் மருந்துக்கடைக்காரர் ஜான் வாக்கர் விற்க ஆரம்பித்தது 1827-இல். காப்புரிமைகூட எடுக்கவில்லை மனிதர்.

பிறகு வந்தது வெள்ளைப் பாஸ்பரஸ் குச்சி. எங்கே உரசினாலும் எரியும். அதைச் செய்த தொழிலாளர்களின் தாடை எலும்பு அழுகியது. 1888-இல் லண்டனில் தீப்பெட்டித் தொழிற்சாலைப் பெண்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களைச் சுற்றியிருந்த ஆபத்துகளில் அதுவும் ஒன்று. 1906-இல் பெர்ன் நகரில் நாடுகள் கூடி வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சியைத் தடை செய்ய ஒப்பந்தம் போட்டன. இத்தனைக்கும் மாற்று வழி அதற்கு அறுபது வருடம் முன்பே கையில் இருந்தது. பாஸ்பரஸைக் குச்சியிலிருந்து எடுத்துப் பெட்டியின் பக்கத்தில் தடவும் யோசனைக்கு ஸ்வீடனின் குஸ்டாஃப் எரிக் பாஷ் 1844-இல் காப்புரிமை வாங்கிவிட்டார். யோன்ஷோப்பிங் நகரத்து லுண்ட்ஸ்ட்ரோம் சகோதரர்கள் அதைத் தொழிலாக்கினார்கள். அறுபது வருடம். படித்துவிட்டுக் கையில் இருந்த பெட்டியைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

லைட்டரில் நாம் சக்கிமுக்கிக் கல் என்று போடுகிறோமே, அது கல்லே இல்லை. சீரியமும் இரும்பும் கலந்த உலோகம். ஆஸ்திரியாவின் அவுவர் ஃபொன் வெல்ஸ்பாக் 1903-இல் காப்புரிமை எடுத்தது. அந்தப் பொறி வந்த பிறகுதான் லைட்டர் பைக்குள் அடங்கியது. ஜிப்போ வந்தது 1930-களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் பிராட்ஃபோர்டு நகரில். அதுவும் ஓர் ஆஸ்திரிய லைட்டரைப் பார்த்துத்தான்.

ஜூலை 3

தாடை என்று எழுதிய கையோடு இதையும் எழுதிவிடுகிறேன். பைப் புகையை நெஞ்சுக்குள் இழுப்பதில்லை, அதனால் பயமில்லை என்று புதிதாக வருகிறவர்கள் நம்புகிறார்கள். உதடு, வாய், தொண்டைப் புற்றுநோய்க்குப் பைப்பும் காரணம். எந்த நெருப்பில் பற்ற வைத்தாலும் அது மாறாது. கேள்வி கேட்டவர் ஆரம்பித்து மூன்று மாதம்தான் ஆகிறது என்கிறார். விடுவதாக இருந்தால் இப்போது விடுவது சுலபம். அதை மனசார விரும்பித்தான் சொல்கிறேன்.

ஜூலை 20

மழை. தீப்பெட்டி நமத்துப்போய்விட்டது. உரசினால் தலை மாவாக ஒட்டிக்கொள்கிறது, பெட்டியின் பக்கத்துப் பூச்சும் பெயர்ந்து வருகிறது. ஏழு குச்சி வீண். கடைசியில் லைட்டர்தான் பற்ற வைத்தது. இதை எழுதாமல் விட்டால் நேர்மையில்லை.

மூடி இறுகிய கண்ணாடிப் புட்டியில் குச்சிகளையும், பெட்டியின் உரசும் பக்கத்தை வெட்டியெடுத்து அதையும் போட்டு வைத்தால் நமக்காது. ஆனால் உரசும் பட்டையும் குச்சித் தலைகளும் ஒன்றோடொன்று உராயாதபடி பட்டையைத் தனியாக ஒரு தாளில் சுற்றிப் போடுங்கள்.

ஜூலை 21

காற்றில் எது என்று கேட்டவருக்கு: இரண்டும் சரிப்படாது. காற்றில் பைப் தானாகவே வேகமாக எரிந்து கொதிக்கும், நாக்கு சுடும். சுவருக்குப் பின்னால் போய் உட்காருங்கள். வேறு வழியில்லை என்றால் தீப்பெட்டிக்கு ஒரு வேலை இருக்கிறது, லைட்டரால் முடியாதது. பைப் அணையப் பார்க்கும்போது பெட்டியை அப்படியே கிண்ணத்தின் வாய் மேல் படுக்க வைத்து, ஓரத்தில் சின்ன இடைவெளி மட்டும் விட்டு இழுத்தால் காற்று அந்த இடுக்கு வழியாக விசையோடு உள்ளே போய்க் கனலை எழுப்பிவிடும். மறுபடி பற்ற வைக்கவே வேண்டாம். அடிப்பக்கத்தை வையுங்கள், பெட்டி மூடியிருக்கட்டும். மாமா இதை யோசிக்காமலே செய்வார், பேச்சுக்கு நடுவில்.

ஆகஸ்ட் 1

லைட்டர் வாங்குவதென்று முடிவு செய்தவர்களுக்கு, நான் பார்த்தவரை.

சாதாரண லைட்டரைப் பைப்புக்குச் சாய்த்துப் பிடித்தால் தீ மேல்நோக்கிப் போய்க் கட்டைவிரலைத் தொடும். சக்கரமும் சூடேறும், அதைத் தொட்டுச் சுட்டுக்கொள்வோம். பைப்புக்கென்று செய்த லைட்டரில் சுடர் பக்கவாட்டில் சாய்வாக வரும், கை தள்ளியே இருக்கும். ஜப்பானின் கொரோனா நிறுவனத்து ஓல்ட் பாய் அந்த வகை. அதன் உடம்பிலேயே அழுத்துகோலும் செருகியிருக்கும். ஒரு நண்பருடையதை ஒரு மாலை முழுக்க வைத்திருந்தேன், திருப்பிக் கொடுக்க மனசே வரவில்லை. சுடர் உயரமாக, மஞ்சளாக, சோம்பலாக இருந்தது. குச்சிச் சுடர் மாதிரியே இழுப்புக்குக் குனிந்தது. லைட்டரில் இது வராது என்று ஜூன் 4-இல் எழுதினேன். வருகிறது.

ஜிப்போவில் பைப்புக்கு என்று ஒன்று உண்டு, காற்றுத் தடுப்பின் பக்கத்தில் வட்டத் துளை இருக்கும். அதைக் கிண்ணத்தின் மேல் வைத்து இழுத்தால் துளை வழியாகத் தீ உள்ளே வரும். காற்றுக்கு நல்ல ஏற்பாடு. ஆனால் எண்ணெய் வாசமும் அதே துளை வழியாக வரும்.

பழைய இம்கோ டிரிப்ளெக்ஸ் பெட்ரோல் லைட்டர் யாரிடமாவது இருந்தால் பத்திரமாக வையுங்கள். எண்ணெய்த் தொட்டியைத் தனியாக உருவி எடுக்கலாம். சின்ன மெழுகுவத்தி மாதிரிக் கையில் பிடித்துப் பைப்பைப் பற்ற வைக்கலாம்.

ஆகஸ்ட் 2

பியூட்டேன் லைட்டர் இரண்டு மாதத்தில் திக்குகிறது என்ற புகாருக்கு: வாயு நிரப்பும் முன் உள்ளே அடைபட்ட காற்றை வெளியேற்ற வேண்டும். லைட்டரை நிமிர்த்திப் பிடித்து, சின்னத் திருப்புளி நுனியால் வால்வை அழுத்தினால் உஸ்ஸென்று போகும். பக்கத்தில் நெருப்பு கூடாது, ஜன்னல் திறந்திருக்க வேண்டும். சத்தம் நின்ற பிறகு, சுடர் அளவைக் குறைத்து வைத்து, லைட்டரைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புங்கள். கொஞ்ச நேரம் ஆறப்போட்டுத் தட்டுங்கள்.

குளிரில் திக்கினால் அது வேறு. பியூட்டேன் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி ஆவியாவதையே நிறுத்திவிடும். உள்சட்டைப் பையில் வைத்திருந்தால் உடம்புச் சூட்டில் சரியாகிவிடும்.

ஆகஸ்ட் 23

மாமாவின் பைப்பைப் பற்றி ஜூன் 9 அன்று எழுதியது தப்பு. எழுதியதைத் திரும்பப் படிக்கவே மனசு வரவில்லை.

இன்று அதைச் சுத்தம் செய்ய எடுத்தேன். இவ்வளவு நாள் அதை அதிகம் தொட்டதில்லை. கறுத்த விளிம்பை ஈரத்துணியால் துடைத்தேன், சும்மா, தூசுக்காக. துணியில் பழுப்பு இறங்கியது. மறுபடி துடைத்தேன், இன்னும் இறங்கியது. துணியின் வேறு வேறு மூலையாக மாற்றி அரை மணி நேரம், தண்ணீரை அதிகம் விடாமல், மரத்தின் மெருகைக் கிளப்பாமல் துடைத்தேன். நாற்பது வருடப் புகையின் பிசின் அது. கரி இல்லை. அடியில் மரம் முழுசாக இருக்கிறது. விளிம்பின் உள்ஓரம் கூர்மை மழுங்காமல் வட்டமாக, கடையிலிருந்து வந்த அன்று எப்படியோ அப்படி. செம்பழுப்பு நிறம், அதில் மெல்லிய இழைகள்கூடத் தெரிகின்றன.

அவர் குச்சியால் விளிம்பைச் சுட்டார் என்று எழுதினேன். நாற்பது வருடத்தில் அந்த மனிதர் ஒருமுறைகூடச் சுடவில்லை.

உங்கள் பைப்புகளையும் இப்படிப் பாருங்கள். ஈரத்துணியில் நிறம் வந்தால் பிசின். நகத்துக்குத் தூளாக உதிர்ந்தால் கரி. முதலாவதுக்கு மருந்து உண்டு.

ஆகஸ்ட் 24

அந்தப் பைப் இருந்த துணிப்பையில் இரண்டு தீப்பெட்டிகள் இருந்தன. ஒன்றில் புதுக் குச்சிகள். இன்னொன்றில் எரிந்த குச்சிகள். வெளியே இருக்கும்போது அணைந்த குச்சியைத் தரையில் போட மாட்டார், காலிப் பெட்டி ஒன்றை அதற்கென்றே வைத்திருப்பார். இது எனக்குத் தெரியும், ஆனால் இத்தனை வருடத்தில் திறந்து பார்த்ததில்லை.

பதினொன்று இருந்தன. மேசையில் வரிசையாக அடுக்கினேன். பக்கத்தில் என் சாம்பல் கிண்ணத்திலிருந்து என் குச்சிகளை எடுத்து அடுக்கினேன். என்னுடையவை கடைசிவரை கறுத்து, வளைந்து, விரல் பிடித்த நுனி மட்டும் வெள்ளையாக இருந்தன. அவருடையவை எல்லாமே பாதிக்கும் குறைவாக எரிந்திருந்தன. கறுப்பு முடிகிற இடம் பதினொன்றிலும் ஏறக்குறைய ஒரே இடம். அளந்து வெட்டியதைப் போல.

சிக்கனமா, அவசரமா என்று முதலில் யோசித்தேன். அவசரக்காரர் இல்லை அவர். அவருக்கு அதற்கு மேல் தீ தேவைப்படவில்லை, அவ்வளவுதான். குச்சி பாதி எரிவதற்குள் புகையிலை பற்றிக்கொண்டது. எனக்கு ஏன் பற்றவில்லை?

ஆகஸ்ட் 30

ஈரம்.

புகையிலை டப்பாவைத் திறந்ததும் மாமா அதைக் கிண்ணத்தில் போட மாட்டார். ஒரு பைப்புக்கு வேண்டியதை எடுத்து, தாளில் பரப்பிவிட்டு வேறு வேலை பார்ப்பார். சின்ன வயதில் அதைப் பார்த்து, தூசு எடுக்கிறார் என்று நினைத்திருந்தேன். டப்பாவிலிருந்து வரும் புகையிலை பெரும்பாலும் ஈரமாகத்தான் இருக்கும். தீயின் பாதிச் சூடு அந்தத் தண்ணீரை ஆவியாக்கவே போய்விடுகிறது. அணைகிறது. அணைந்தால் பலமாக இழுக்கிறோம், ஆவியில் நாக்கு வேகிறது. மறுபடி குச்சி.

இந்த வாரம் நாலு நாள் அரை மணி நேரம், பிறகு முக்கால் மணி நேரம் பரப்பி வைத்துப் பார்த்தேன். இரு விரலால் கிள்ளி விட்டால் கட்டியாக நிற்காமல் உதிர்ந்து விரிய வேண்டும், ஆனால் நொறுங்கக் கூடாது. அதுதான் பதம். ஆறேழு குச்சி ஆகிக்கொண்டிருந்த எனக்கு மூன்றில் முடிந்தது.

பன்னிரண்டு குச்சிக்காரரே, ஜூன் 5 அன்று உங்களுக்குக் கொடுத்த பதில் பாதிதான். இரண்டு முறை பற்ற வைப்பது சரி. ஆனால் அதற்கு முன் காய வையுங்கள்.

செப்டம்பர் 6

கேள்வி கேட்டவர் திரும்பி வந்து எழுதியிருக்கிறார். காய வைக்க ஆரம்பித்தபின் நாலு குச்சியில் முடிகிறதாம், சில நாள் ஐந்து. விரல் சுடுவதில்லையாம். கூடவே, லைட்டர் வாங்க எடுத்து வைத்த பணத்தை என்ன செய்வது என்று கேட்கிறார். வாங்குங்கள். மழைக்கு உதவும். நடுவில் அணைந்தால் ஒரு நொடி காட்டி எழுப்பவும் லைட்டர் வசதிதான், அதற்கு ஒரு முழுக் குச்சியைச் செலவழிக்க வேண்டாம். மஞ்சள் சுடர், பியூட்டேன், பக்கவாட்டில் வருவது. இந்த மூன்றும் இருந்தால் சுவைக்கும் விளிம்புக்கும் பயமில்லை.

ஜூன் 18-இல் என்னிடம் கேட்ட கேள்வி பாக்கி இருக்கிறது, நீங்கள் ஏன் இன்னும் குச்சி உரசுகிறீர்கள் என்று. லைட்டர் கையில் இருந்தால் தீ தீரவே தீராது. நானும் இழுத்துக்கொண்டே இருப்பேன், ஈரமான புகையிலையையும் தீயை விடாமல் காட்டி எரிய வைத்துவிடுவேன். குச்சி அப்படி விடாது. காய வைத்தது போதவில்லை என்றால் உடனே சொல்லிவிடும்.

செப்டம்பர் 7

நேற்று இரவு மாமாவின் பைப்பில் முதல் முறையாகப் புகையிலை போட்டேன். ஒரு மணி நேரம் காய்ந்தது. அவர் பெட்டியிலிருந்த குச்சிகள் நமத்துப்போயிருந்தன, எரியவில்லை, என்னுடையதை உரசினேன். இரண்டு எண்ணினேன். கருக்கி, ஆறவிட்டு, தட்டி, இரண்டாவது குச்சி. சுடர் நாலு முறை குனிந்தது. ஊதி அணைத்துவிட்டு விளக்கடியில் கொண்டுபோய்ப் பார்த்தேன். பாதியைத் தாண்டிக் கொஞ்சம் எரிந்திருந்தது. அவருடைய பெட்டியைத் திறந்து, அந்தப் பதினொன்றோடு ஒன்றாக வைத்தேன்.